டீச்சரிடம் கேளுங்கள்: “வாசிச்சிட்டன், ஆனா விளங்கேல்ல”

இந்த மாதம் வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் கிரகித்தலைப் பற்றியவை. அதிலும் கதைகளில் தடுமாறுகிறார்கள் என்று எவரும் எழுதவில்லை. நீர், மண், பறவை, பழைய நகரம் என்று வரும் தகவல் பகுதிகளில்தான் நாலாம், ஐந்தாம் தரப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். முப்பத்தோரு வருடம் கொழும்பு வடக்கில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் என்ற முறையில் இது எனக்குப் பழகிய கவலை. ஆகவே இம்முறை வேறு விடயங்களை ஒதுக்கிவிட்டு நாலு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், மகன் ஐந்தாம் தரம். கதைப் புத்தகம் கொடுத்தால் ஒரே இருப்பில் வாசித்து முடிப்பான். கிரகித்தலில் சுற்றாடல் பகுதி வந்தால் பாதிப் புள்ளி போய்விடுகிறது. ‘எது, எங்கே, எப்போது’ என்று கேட்டால் சரியாக எழுதுகிறான். ‘ஏன்’ என்று கேட்டால் பந்தியிலிருந்து ஏதாவது ஒரு வரியைத் தூக்கி எழுதிவிடுகிறான். கிழமைக்கு இரண்டு நாள் டியூஷன். மாதிரி வினாத்தாள் நூற்றுக்கு மேல் செய்துவிட்டான். புலமைப்பரிசிலுக்கு முன் இன்னும் எத்தனை செய்ய வேண்டும்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இன்னும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மாதத்துக்கு அந்த வினாத்தாள்களைக் கட்டி அலுமாரியில் வையுங்கள். நூறு வினாத்தாள் செய்த பிள்ளை நூற்றியோராவதில் புதிதாக எதையும் கற்கப்போவதில்லை. அவன் ஏற்கெனவே ஒன்றை மிக நன்றாகக் கற்றுவிட்டான். அதுதான் இப்போது அவனுக்குத் தடையாக நிற்கிறது.

அது என்ன என்று காட்டுகிறேன். இந்த வரியை வாசியுங்கள்: “கிமிழர் பூரலைத் துவித்த பின்னரே அதனைச் சவளியில் இடுவர்.” கிமிழரும் இல்லை, பூரலும் இல்லை, எல்லாம் நான் கட்டிய சொற்கள். இப்போது கேட்கிறேன். கிமிழர் பூரலை எங்கே இடுவர்? சவளியில். எப்போது இடுவர்? துவித்த பின்னர். இரண்டு கேள்விக்கும் முழுப் புள்ளி. அடுத்தது: துவிக்காமல் இட்டால் என்ன நடக்கும்? இங்கே உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

உங்கள் மகன் இந்த இடத்தில்தான் நிற்கிறான். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் இருப்பதை எழுதுகிறான். நாங்கள் இதைச் ‘சொல் பிடிக்கிறது’ என்று சொல்லுவோம். வேகமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் கைவரும். புள்ளியும் கிடைப்பதால் பெற்றோருக்கு நீண்ட காலம் தெரியவராது.

அப்படியானால் கதை எப்படி விளங்குகிறது? கதையில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு ஆசை இருக்கிறது, நடுவில் ஒரு தடை வருகிறது. மூன்று வயதிலிருந்து அம்மம்மா சொன்ன கதைகளால் அந்த வழி பிள்ளைக்குப் பழக்கம். தகவல் பகுதியில் ஆளே இல்லை. அதோடு நமது எழுத்துத் தமிழ், தகவல் சொல்லப் புறப்பட்டால் வீட்டில் பேசும் தமிழை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. பாடப்பகுதிகளில் வரும் வகையில் ஒரு வசனம் எழுதுகிறேன்:

“மலைநாட்டில் பெய்யும் மழையால் பெருகிவரும் களனி கங்கையின் நீர் அம்பத்தலையில் எடுக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்ட பின்னரே குழாய்களினூடாகக் கொழும்பு வீடுகளுக்கு விநியோகிக்கப்படுகிறது.”

எங்கள் மாடியில் மேல்வீட்டில் இருக்கும் பையனுக்கு இந்த வசனத்தைக் கொடுத்தேன். தங்கு தடையின்றி வாசித்தான். “தண்ணியை யார் எடுக்கிறது?” என்று கேட்டேன். “கங்கை,” என்றான். “கங்கை தண்ணியை எடுக்குமோ?” என்று திரும்பக் கேட்டதும் நின்றுவிட்டான். மறுபடி வாசித்தான். பிறகு மெதுவாக, “ஆரோ எடுக்கினம், ஆரெண்டு எழுதேல்ல,” என்றான். அன்றைக்கு அவன் முதல்முதலாக அந்த வசனத்துக்குள் போனான்.

‘எடுக்கப்பட்டு’, ‘சுத்திகரிக்கப்பட்ட’, ‘விநியோகிக்கப்படுகிறது’ எல்லாம் செய்தவரை மறைக்கும் வினைகள். முக்கிய வினை கடைசியில் வருகிறது. அதுவரைக்கும் மழை, கங்கை, நீர், அம்பத்தலை, குழாய், வீடு எல்லாவற்றையும் பிள்ளை மனதில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளை தனியாகச் சுமப்பது சுலபம் அல்ல. அந்த வசனத்தை அவனுடன் சேர்ந்து வீட்டுத் தமிழுக்கு அவிழ்த்துவிடுங்கள். மலையில மழை பெய்யுது. கங்கை பெருகுது. அம்பத்தலையில ஆக்கள் அந்தத் தண்ணியை எடுக்கினம். சுத்தமாக்கினம். பிறகுதான் குழாயில விடுகினம். அது எங்கட குசினிக்கு வருது. ஒரு வசனம் ஆறாகிவிட்டது. இதை அவன் தன் வாயால் செய்ய வேண்டும். நீங்கள் செய்து காட்டுவது முதல் இரண்டு நாளைக்கு மட்டும்.

இன்னொன்று. ‘பின்னரே’ என்பதில் உள்ள அந்த ஏகாரத்தைப் பிள்ளைகள் காண்பதே இல்லை. ‘பின்னர்’ என்றால் ஒழுங்கு மட்டும். ‘பின்னரே’ என்றால் அதற்கு முன் அனுப்புவதில்லை என்று அர்த்தம். ‘முதலையும் இந்த ஆற்றில் வாழ்கிறது’ என்றால் வேறு பிராணிகளும் வாழ்கின்றன என்பதை அந்த ‘உம்’ சொல்லிவிடுகிறது. ‘ஏன்’ கேள்விகளின் பாதி விடை இப்படிச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் நம்பிப் பாவிக்கும் இந்த எழுத்துகளை வாசிப்புப் பாடத்தில் நாங்கள் தொட்டும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

சொற்களையும் அவிழ்க்கலாம். ‘நீரேந்துப் பிரதேசம்’ என்று பாடமாக்கினால் அது ஒரு பாரம். நீரை ஏந்துகிற இடம் என்று கையைக் குவித்துக் காட்டினால் மறக்காது. ‘மண்ணரிப்பு’ம் அப்படியே தானாகத் திறக்கும். ‘விநியோகம்’, ‘சுத்திகரிப்பு’ போன்றவை அப்படித் திறக்காது, அவற்றைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

வசனம் திறந்த பிறகு கேளுங்கள்: கடும் வரட்சியில் கங்கையில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீருக்கு என்ன நடக்கும்? முதல் விடை “தண்ணி குறையும்” என்று வரும். சரி. வரைபடத்தை எடுத்து, களனி கங்கை மட்டக்குளிப் பக்கம் கடலில் விழும் இடத்தைக் காட்டுங்கள். அம்பத்தலை அங்கிருந்து அதிக தூரம் இல்லை. ஆற்று நீர் கடலை நோக்கித் தள்ளும் வேகம் குறைந்தால் எது உள்ளே வரும்? மேல்வீட்டுப் பையன் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “உப்புத் தண்ணி!” என்று கத்தினான். உண்மையில் வரட்சிக் காலங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவது கொழும்பின் நீர் வழங்கலுக்குப் பழைய தலையிடி. அது பந்தியில் இல்லை. பந்தியையும் வரைபடத்தையும் சேர்த்துப் பிள்ளையே கண்டுபிடித்தான்.

நாளுக்கு ஒரு பந்தி, பதினைந்து நிமிடம் போதும். எழுத்து வேலை வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டுவதிலேயே தடக்கினால் பிரச்சினை வேறு. அப்போது கண் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பலசரக்கு மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மனைவியும் அப்படித்தான். மகள் நாலாம் தரம். பொது அறிவுப் புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. எங்களால் அவளுக்கு எப்படி உதவ முடியும்?
— ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ‘எங்களால் எப்படி’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிற்கும் இடமே ஒரு பெரிய புத்தகம் என்பதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பந்தியைக் கொடுத்தார்கள். அந்த மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், வாசிப்பில் பின்தங்கியவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்திலும் பேஸ்போல் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். வாசித்த பிறகு ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லவும் நடித்துக் காட்டவும் கேட்டார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் பேஸ்போல் தெரியாத பிள்ளைகளை மிஞ்சிவிட்டார்கள். நம் ஊரில் பாடப் புத்தகத்தில் திணறும் பையன் கிரிக்கெட் செய்தியை ஒரு வரி விடாமல் விளக்குவதைக் கண்டிருப்பீர்கள். விடயம் தெரிந்திருந்தால் வசனம் பாதி வழி தானே வந்துவிடும்.

உங்களுக்குக் கறுவாவைப் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரியாது. பட்டை எப்படி உரிக்கப்படுகிறது, எப்படிச் சுருள்கிறது, எந்தத் தரத்துக்கு ஏன் கூடிய விலை, மழைக்காலத்தில் ஏலக்காய் மூட்டையை ஏன் நிலத்தில் வைப்பதில்லை? இரவு சாப்பிடும்போது இதில் ஒன்றை மகளுக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அதை நாலு வரியாக எழுதட்டும். நாளைக்கு ஏற்றுமதிப் பயிர்கள் என்று ஒரு பந்தி அவளுக்கு முன் வந்தால் அவள் வெறுங்கையோடு போகமாட்டாள்.

வாசிக்கக் கொடுக்கவும் காசு தேவையில்லை. வீட்டுக்கு வரும் மின்சார பில் இருக்கிறது. போன மாதம் எத்தனை அலகு, இந்த மாதம் எத்தனை, ஏன் கூடியது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். சோடாப் போத்தலில் இருக்கும் நிற அடையாளம் இன்னும் நல்லது. 2016 முதல் இலங்கையில் மென்பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு அடையாளமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் குறைந்தது எவ்வளவு சீனி என்று மகளைக் கேளுங்கள். 44 கிராமுக்கு மேல் என்று வரும். தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்து, அத்தனை கரண்டி சீனியை ஒரு கோப்பையில் அள்ளிப் போட்டுக் காட்டட்டும். வாசிப்பு, கணக்கு, சுகாதாரம் மூன்றும் ஒரு போத்தலில் முடிந்துவிடும்.

விடுமுறையில் விஹாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள கொழும்புப் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கிறது. அவள் புத்தகத்தைத் தெரிவு செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாசித்ததை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் “எனக்கு விளங்கேல்ல மகள், திரும்பச் சொல்லு” என்று கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையாகவே தெரியாத ஒருவருக்கு விளக்குவதைப் போல நல்ல பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

கேள்வி: டீச்சர், நியமனம் கிடைத்து இரண்டாம் வருடம். ஐந்தாம் தரத்தில் 38 பிள்ளைகள். முக்கியமானதற்குக் கோடு போடச் சொன்னால் முழுப் பந்திக்கும் கோடு போடுகிறார்கள். சுருக்கி எழுதச் சொன்னால் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து எழுதுகிறார்கள். நான் எங்கே பிழை விடுகிறேன்?
— ஆசிரியை, மட்டக்குளி

பதில்: மகள், பிழை உங்களிடம் இல்லை. ‘முக்கியம்’ என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் காட்டவில்லை. எதற்கு முக்கியம் என்ற கேள்வி இல்லாமல் ஒரு வரியும் முக்கியமாகாது.

நான் கண்ட வழி இரண்டு. ஒரு பந்திக்கு ஒரே ஒரு கோடு, போட்டவர் எழும்பி நின்று ஏன் என்று சொல்ல வேண்டும். முதல் கிழமை சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சுருக்கம் சொல்லும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் கண் எழுதும். மூடினால்தான் மனம் எழுதும்.

குழு வேலைக்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. 1984இல் ஆன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் இருவரும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் செய்து பார்த்தது. எழுத்தை நன்றாக வாசித்தும் கருத்துப் பிடிபடாத பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் முறை வைத்து ஆசிரியரின் இடத்தில் இருந்து, பந்தியைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், சுருக்கிச் சொல்வார்கள், விளங்காத இடத்தைத் தெளிவாக்குவார்கள், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள். உங்கள் 38 பேரை ஒன்பது குழுவாகப் பிரிக்கலாம், இரண்டு குழுவில் மட்டும் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, பந்திக்குப் பந்தி வேலை மாறும். ‘விளங்காத இடம்’ சொல்லும் வேலையை முதலில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுங்கள். “எனக்கு இந்தச் சொல் விளங்கேல்ல” என்று அந்தப் பிள்ளை சொன்னால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

கேள்வி அமைக்கும்போது 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் பேர்ள்ஸ் வாசிப்பு ஆய்வை மனதில் வையுங்கள். அதில் பாதி கதை, பாதி தகவல். பந்தியில் நேரே இருப்பதை எடுத்தல், சிறிய ஊகம், பல இடத்துக் கருத்தைச் சேர்த்து விளக்கம் காணுதல், எழுதப்பட்டதையே எடைபோடுதல் என்று நாலு விதமாகக் கேட்கிறார்கள். நமது வினாக்களில் முதலாவது நிறைய, கடைசி இல்லவே இல்லை. “இதை எழுதியவர் படத்தை இந்த இடத்தில் ஏன் வைத்தார்?” என்று கிழமைக்கு ஒரு தரமாவது கேளுங்கள்.

ஒப்பிட்டு வாசிக்கப் பழக்க நான் நம்புவது ஒரு கல். கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டு திகதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களோடு இங்கு வந்தது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற பெயரில் விஷ்ணுவைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. காணிக்கைகளோ பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஏறத்தாழ ஒரே வகை. மூன்றையும் பற்றி மூன்று சிறு பந்தி எழுதி, ‘அதேவேளை’, ‘மாறாக’, ‘ஆயினும்’ என்ற சொற்கள் வரும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் நிரப்பட்டும். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று வாதாடும்போதே எது ஒத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்பது தெளிந்துவிடும்.

நான் பிள்ளைகளைக் கூட்டிப் போன ஒரு வருடம், கல்லின் முன்னால் நின்று “ஏன் மூன்று பேருக்கும் காணிக்கை?” என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் சொன்னான்: “வாற இடத்தில ஒருத்தரும் கோவிக்கக் கூடாதெண்டு நினைச்சிருப்பினம் டீச்சர்.” கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. மூன்று பகுதியையும் சேர்த்துப் பார்த்தவனுக்குத்தான் அது தோன்றும். அவனது தமிழ்ப் புள்ளி அந்தத் தவணையில் நாற்பதைத் தாண்டவில்லை. அந்தப் புள்ளியைப் பதிவுப் புத்தகத்தில் எழுதியவள் நான்தான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. நாங்கள் கேட்ட கேள்விகள் அவனிடம் இருந்ததைத் தொடவே இல்லை.

கேள்வி: டீச்சர், எங்கட வகுப்பில எல்லாரும் கேள்வியை முதல் வாசிச்சிட்டுப் பந்தியில விடை தேடுறாங்க. நான் முழுக்க வாசிக்கிறேன், நேரம் போகுது. எது சரி? படத்துக்குக் கீழ இருக்கிறதையும் வாசிக்கணுமா?
— ஐந்தாம் தர மாணவி, தெமட்டகொடை

பதில்: செல்ல மகள், நீ செய்வதே சரி. பயப்படாதே. தலைப்பை வாசி, படத்தைப் பார், படத்துக்குக் கீழே இருக்கும் வரியையும் வாசி. அது அரை நிமிடம்தான். பிறகு பந்தியை முழுக்க ஒரு தரம் வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போ. விடை எழுதும் முன் திரும்பிப் போய் அந்த இடத்தைப் பார்.

அட்டவணை மட்டும் வேறு. கோட்டை ஸ்டேஷனில் ரயில் நேர அட்டவணையை எவரும் மேலிருந்து கீழ்வரை வாசிப்பதில்லை, தன் ரயிலை மட்டும் தேடுவார்கள். ஆகவே அட்டவணை வந்தால் அதன் தலைப்பையும் நிரல்களின் பெயரையும் பார்த்துவிட்டு நேரே கேள்விக்குப் போகலாம்.

வீட்டில் மணிக்கூட்டை வைத்து இரண்டு விதமாகவும் ஒவ்வொரு பந்தி செய்து பார்த்து, எதில் எத்தனை நிமிடம், எத்தனை சரி என்று எனக்கு எழுது. அடுத்த மாதம் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.